ஒரே பெயரில் இரண்டு மெத்தட்: மெட்டாகிளாஸை நீட்டிப் பார்த்த அனுபவம்

பொழுதுபோக்காகப் பைத்தான் நிரல்மொழியில், கோப்புகளை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பிழையைத் தேடியே ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. ஒரு கிளாஸுக்குள் (பொருள்களை உருவாக்கும் அச்சு) ‘படி’ என்ற மெத்தட் (அதற்குள் எழுதும் ஃபங்ஷன்) 2 இடத்தில் இருந்திருக்கிறது. மேலே இருப்பதை நான் திருத்தித் திருத்திப் பார்க்கிறேன், ஓடுவதோ கீழே இருப்பது. பைத்தான் இதற்கெல்லாம் வாயே திறக்காது. கிளாஸின் உடல் ஓடும்போது ஒவ்வொரு பெயரும், பெயர்-மதிப்பு ஜோடிகளை வைத்திருக்கும் ஒரு டிக்‌ஷனரியில் போய் விழும். அதே பெயர் மறுபடி வந்தால் பழையது போச்சு.

அந்த டிக்‌ஷனரியையே நான் கொடுத்துவிட்டால் என்ன? இப்படித்தான் மெட்டாகிளாஸ் பக்கம் போனேன்.

பொருளை உருவாக்குவது கிளாஸ், கிளாஸை உருவாக்குவது மெட்டாகிளாஸ். பைத்தானில் வழக்கமாக அந்த வேலையைப் பார்ப்பது ‘டைப்’. அதிலிருந்து ஒரு கிளாஸை வருவித்தால் நமக்கென்று ஒரு மெட்டாகிளாஸ் கிடைத்துவிடும். முதலில் அதன் ‘நியூ’ மெத்தடில்தான் கைவைத்தேன். பயனில்லை. ‘நியூ’ கூப்பிடப்படும் நேரத்தில் கிளாஸின் உடல் ஓடி முடிந்து, பழைய ‘படி’ தடயமே இல்லாமல் போயிருக்கும். அதற்கும் முன்னால் நுழைய ஒரே வழி, பைத்தான் 3-இல் வந்த ‘பிரிப்பேர்’. உடல் ஓடத் தொடங்கும் முன் பைத்தான் இதைக் கூப்பிட்டு, பெயர்களைப் போட்டு வைக்க ஒரு டிக்‌ஷனரி கேட்கும்.

டிக்‌ஷனரியிலிருந்து வருவித்த ஒரு சின்ன கிளாஸ் எழுதினேன். பெயர் ஏற்கெனவே இருந்து, பழையதும் புதியதும் ஃபங்ஷனாக இருந்தால் உடனே பிழை எழுப்பும். ஓட்டியதும் வேறு பிழை: ஒரு ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) குறைகிறதாம். ‘பிரிப்பேர்’ தலையில் கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டரை (கிளாஸையே முதல் ஆர்க்யுமென்டாகக் கொடுக்கச் சொல்லும் குறி) போட மறந்திருக்கிறேன். மெட்டாகிளாஸே இன்னும் எந்தக் கிளாஸையும் உருவாக்காத கட்டம் அது, அதனால் தானாக வந்து உட்கார முதல் ஆர்க்யுமென்ட் என்று எதுவும் இல்லை. டெக்கரேட்டரைச் சேர்த்ததும் வேலை செய்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பிழைச் செய்தி சரியாக இரண்டாவது ‘படி’ இருக்கும் வரியையே காட்டியது. அந்த மாலை முழுக்க நான் தேடிய வரி அது!

அடுத்த நாள் ப்ராப்பர்ட்டிகளையும் (வெளியே சாதாரண மதிப்பாகத் தெரிந்து, உள்ளே ஃபங்ஷனால் இயங்குபவை) சோதனைக்குள் கொண்டுவந்தேன். நல்ல கிளாஸ்கள்கூடக் கத்த ஆரம்பித்தன. யோசித்தால் காரணம் நியாயமானதுதான். ப்ராப்பர்ட்டிக்கு மதிப்பு எழுதும் ஃபங்ஷனான செட்டரை எழுதும்போது அதே பெயரைத்தானே மறுபடி கொடுக்கிறோம்? செட்டர் டெக்கரேட்டர் பழைய ப்ராப்பர்ட்டியை நகலெடுத்து, படிக்கும் ஃபங்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, எழுதும் ஃபங்ஷனை மட்டும் சேர்க்கிறது. ஆகவே பழையதிலும் புதியதிலும் படிக்கும் ஃபங்ஷன் ஒன்றேதானா என்று பார்த்தேன். ஒன்றே என்றால் விட்டுவிடலாம். வேறு என்றால் அது நிஜமான இரட்டிப்பு.

பெரிய முட்டுக்கட்டை அதற்கப்புறம் வந்தது. என் அடிப்படைக் கிளாஸ்களில் ஒன்று அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (நேரடியாகப் பொருள் உருவாக்காமல், வருவிக்க மட்டும் பயன்படுவது), அதன் மெட்டாகிளாஸ் ஏபிசிமெட்டா. என்னுடையதையும் அதையும் சேர்த்து ஒரு கிளாஸை வருவித்ததும் ‘மெட்டாகிளாஸ் மோதல்’ என்று நின்றுவிட்டது. வருவிக்கும் கிளாஸின் மெட்டாகிளாஸ், எல்லா அடிப்படைக் கிளாஸ்களின் மெட்டாகிளாஸ்களுக்கும் வாரிசாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவதாக ஒன்று எழுதலாம். நான் அதைச் செய்யவில்லை. என் மெட்டாகிளாஸை ‘டைப்’பிலிருந்து எடுப்பதற்குப் பதில் ஏபிசிமெட்டாவிலிருந்தே எடுத்தேன். ஒரு வரி மாற்றம், மோதல் தீர்ந்தது. ஏபிசிமெட்டாவும் ‘டைப்’பின் வாரிசுதான் என்பதால் சாதாரணக் கிளாஸ்களுக்கும் எந்தக் குறையும் இல்லை.

கோப்பு வகைகளைப் பதிவு செய்யும் வேலையையும் இதே மெட்டாகிளாஸில் திணித்திருந்தேன். அதை இப்போது வெளியே எடுத்துவிட்டேன். பைத்தான் 3.6-இலிருந்து இருக்கும் ‘இனிட் சப்கிளாஸ்’ (புதிதாக ஒரு கிளாஸை வருவிக்கும்போதெல்லாம் தானாக ஓடும் மெத்தட்) அதற்குத் தாராளமாகப் போதும், அடிப்படைக் கிளாஸிலேயே 4 வரியில் முடிகிறது. பெயர்கள் விழும் இடத்தைக் காவல் காக்கும் வேலை மட்டும் மெட்டாகிளாஸிடமே இருக்கிறது, அதை வேறு யாராலும் செய்ய முடியாது.

மீதி இருந்தது ஈனம் (Enum) கிளாஸ்கள், அதாவது மாறாத மதிப்புகளுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிடும் கிளாஸ்கள். அவற்றுக்கும் இதைப் பொருத்தலாம் என்று ஈனத்தின் மூலநிரலைத் திறந்தேன். அங்கேயும் ஒரு ‘பிரிப்பேர்’, சொந்தமாக ஒரு டிக்‌ஷனரி, ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் பிழை! என்னுடைய யோசனை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. மகிழ்ச்சியோடு மூடிவிட்டு, ஈனங்களைத் தொடாமல் விட்டுவிட்டேன்.