நிரப்பிய காணியும் பச்சையாகத்தான் தெரியும்

கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பக்கமோ தலவத்துகொடைப் பக்கமோ சதுப்பு நிரப்புகிறவர்கள் ஒரே நாளில் நிரப்புவதில்லை. ஓரத்தில் நாலு டிப்பர் கிரவல் விழும். ஒரு கிழமை அப்படியே கிடக்கும். பிறகு இன்னும் நாலு. சிவப்பு மண் வெளியே தெரிகிற காலம் கொஞ்சம்தான். நல்ல மழை பெய்தால் புல்லும் கொடியும் மேலே ஏறிவிடும். செய்மதிப் படத்தில் அந்த இடம் மறுபடி பச்சை.

போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் எடுத்து, என்டிவிஐ என்ற பசுமைச் சுட்டெண்ணைக் கழித்துப் பார்ப்பதுதான், சதுப்பு நிரப்பலைச் செய்மதிப் படத்தில் தேடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது. படத்தில் பதிவான அண்மை அகச்சிவப்பு ஒளியின் அளவிலிருந்து சிவப்பு ஒளியின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண் அது. அடர்ந்த இலைக்கு 0.8 அளவில் வரும், வெறும் மண்ணுக்கு 0.2க்குக் கீழே நிற்கும். கோரைக்கும் கிரவல் மேல் முளைத்த புல்லுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வாய்க்காலை மூடிய ஆகாயத்தாமரையை அள்ளித் துப்புரவாக்கினால், தாவரம் அழிந்துவிட்டது என்று காட்டும்!

அதனால் எல்லாத் தேதிகளையும் வரிசையாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒரு தடவை வருகிறது. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. பாதிப் படங்களில் முகிலைத் தவிர வேறொன்றும் இராது. இதற்கு மருந்தாக ஆறு மாதப் படங்களின் இடைநிலையை, அதாவது ஒவ்வொரு இடத்திலும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுப்பார்கள். படம் கண்ணாடி மாதிரி வரும். முகிலை எப்படி ஒதுக்கியதோ, மூன்று கிழமை மட்டும் தெரிந்த சிவப்பு மண்ணையும் அப்படியே ஒதுக்கிவிட்டிருக்கும். நாம் தேடியதே அதைத்தான். இடைநிலையை விட்டு, ஒவ்வொரு பிக்சலிலும் மிகக் குறைந்த என்டிவிஐ எண்ணைத் தேடுவது நல்லது. மெல்லிய முகிலும் எண்ணை இறக்கும் என்பதால், அடுத்தடுத்த இரண்டு தெளிந்த படங்களில் விழுந்திருந்தால் மட்டுமே கணக்கில் எடுக்கலாம். முகில் வடிகட்டி பளபளக்கும் புதுத் தகட்டுக் கூரையையும் வெட்டும். எல்லாத் தேதியிலும் ஒரே இடத்தில் முகில் நிற்கிறதென்றால் அது கூரை.

இன்னொரு பொறி 2022 ஜனவரி 25இல் இருக்கிறது. அன்று முதல் சென்டினல்-2 படங்களின் எண்களோடு 1000 கூட்டி வெளியிடுகிறார்கள். சிவப்பு 400, அகச்சிவப்பு 3600 என்றால் என்டிவிஐ 0.80. கூட்டியதைக் கழிக்க மறந்தால் 1400, 4600 ஆகி 0.53 வரும். ஒரே இரவில் முத்துராஜவெல சதுப்பு முழுக்கக் காய்ந்த மாதிரி! எங்கும் ஒரே அளவாக வீழ்ச்சி தெரிந்தால், நிலத்தைச் சந்தேகிக்க முன் இதைப் பார்க்க வேண்டும். செய்மதிப் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் ஏர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாக இருக்கிறது.

அளவிலும் அடக்கம் வேண்டும். 10 மீற்றர் பிக்சல் ஒன்று கிட்டத்தட்ட 4 பேர்ச். பத்துப் பேர்ச் காணி என்றால் இரண்டரை பிக்சல், அதுவும் எல்லையில் பக்கத்துக் காணியோடு கலந்தது. ஐந்து பிக்சலாவது ஒட்டியிராவிட்டால் அறிக்கையில் எழுதாமல் விடுவதே மேல்.

மழை மாதங்களுக்கு, ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் சென்டினல்-1 ராடார் செய்மதி கைகொடுக்கும், முகில் அதற்குத் தடையில்லை. ஆனால் செய்மதி வடக்கு நோக்கிப் போகையில் எடுத்த ஏறுபாதைப் படத்தை, தெற்கு நோக்கிப் போகையில் எடுத்த இறங்குபாதைப் படத்தோடு ஒப்பிடக் கூடாது. மண் ஈரமானாலும் எதிரொலி கூடும் என்பதால், மழைக்கு மறுநாள் படத்தைத் தனியாக நம்பவும் கூடாது.

களத்துக்குப் போகிறவரிடம் வரைபடத்தை மட்டும் கொடுத்தால் அவர் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். மண் தெரிந்த தேதியின் படத்தையும் கொடுத்து, ஓர் இரும்புக் கம்பியும் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். சதுப்பில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். கிரவலில் முட்டி நிற்கும்.