டேலி பிரைமுக்கு மாறுமுன் விரல்களைப் பழக்குங்கள்

பில் போட்டு கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் புதிய வடிவமான டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. அதன் பிறகும் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பழைய வடிவமான இஆர்பி 9-லேயே பில் போட்டுக்கொண்டிருக்கும் கடைகளும் மில்களும் இருக்கின்றன. அவர்கள் மாற முடிவு செய்யும்போது டேட்டாவைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறார்கள். டேட்டாவுக்கு பேக்கப் இருக்கிறது. பில் போடுகிறவரின் கைப்பழக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

டேலியில் பல வருடம் பழகியவர் மெனுவைப் படித்து வேலை செய்வதில்லை. விரல் தானாகப் போகும். பேமென்ட் எஃப்5, ரெசீட் எஃப்6, சேல்ஸ் எஃப்8, பர்ச்சேஸ் எஃப்9, சேவ் செய்ய கன்ட்ரோல்+ஏ. இவை எதுவும் பிரைமில் மாறவில்லை. அதனாலேயே முதல் நாளே "எல்லாம் பழையபடிதான்" என்ற தைரியம் வந்துவிடுகிறது. கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இஆர்பி 9-இல் கிரெடிட் நோட்டுக்கு (விற்ற சரக்கு திரும்பினால் பார்ட்டியின் பாக்கியைக் குறைக்கப் போடுவது) கன்ட்ரோல்+எஃப்8. பிரைமில் அதே கீ சேல்ஸ் ஆர்டருக்கு உரியது. இஆர்பி 9-இல் சேல்ஸ் ஆர்டருக்கு இருந்த ஆல்ட்+எஃப்5, பிரைமில் டெபிட் நோட், அதாவது வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பும்போது போடுவது. பழைய பழக்கத்தில் கை போனால் என்ன ஆகும்? திரும்பி வந்த சரக்குக்குப் போட வேண்டிய கிரெடிட் நோட் ஆர்டராக சேவ் ஆகும். ஆர்டர் லெட்ஜரை (பார்ட்டியின் கணக்கை) தொடாது. பார்ட்டியின் பாக்கி குறையாமல் அப்படியே நிற்கும். மறுபக்கம், ஆர்டர் என்று நினைத்துப் போட்டது டெபிட் நோட்டாகி லெட்ஜரிலும் ஸ்டாக்கிலும் ஏறிவிடும். இனி கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட்+எஃப்6, டெபிட் நோட்டுக்கு ஆல்ட்+எஃப்5. எண்டரை அழுத்துமுன் இடது மேல்மூலையில் வவுச்சரின் (போடும் பதிவின்) பெயரைப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே கொண்டுவாருங்கள்.

மாறிய மற்ற கீகள் சில்லறைதான். நேரடியாக பிரின்ட் எடுக்க கன்ட்ரோல்+பி, எக்ஸ்போர்ட் செய்ய கன்ட்ரோல்+ஈ, ஐட்டம் இன்வாய்ஸிலிருந்து அக்கவுன்டிங் இன்வாய்ஸுக்கு மாற கன்ட்ரோல்+எச், பேக்கப் எடுக்க ஆல்ட்+ஒய். மாறிய கீகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள். எல்லாக் கீகளும் அடங்கிய நீளப் பட்டியல் கொடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஆல்ட்+ஜி-க்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பாதி பில் போட்டிருக்கும்போது பார்ட்டி போனில் பாக்கி கேட்டால், ஆல்ட்+ஜி அழுத்தி ரிப்போர்ட்டின் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு எஸ்கேப்பில் திரும்பலாம். பில் அப்படியே காத்திருக்கும். இதை ஒருமுறை செய்து காட்டினால், புதுசு வேண்டாம் என்று முரண்டு பிடித்தவரும் இறங்கி வருவார்.

பயிற்சிக்கு லைசென்ஸ் தேவையில்லை. பிரைமை ஒரு கம்ப்யூட்டரில் எஜுகேஷன் மோடில் போடலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் வவுச்சர் ஏறும், பழகுவதற்கு அது போதும். போன மாதப் பில்களிலிருந்து இருபதை எடுத்துக் கொடுங்கள். அதில் சரக்கு திரும்பியது இரண்டு, ரேட் வித்தியாசம் ஒன்று, கேன்சல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வெறும் சேல்ஸ் பில்லாகக் கொடுத்தால் தவறே வராது, கற்றுக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

லைசென்ஸ் உள்ள சிஸ்டத்தில் உண்மையான டேட்டாவின் நகலை வைத்துப் பழகுவதானால், முதலில் ஆல்ட்+கே போய் கம்பெனி பெயரையே "பயிற்சி" என்று மாற்றுங்கள். அடுத்து எஃப்11-இல் இ-இன்வாய்ஸை நிறுத்துங்கள். நிறுத்தாமல் விட்டால், பழக்கத்துக்குப் போட்ட பில்லை சேவ் செய்யும்போது இ-இன்வாய்ஸ் எடுக்கவா என்று கேட்கும். கை தானாக ஒய் அழுத்தும். உண்மையான அரசு போர்ட்டலில் ஐஆர்என் (பில்லின் பதிவு எண்) உருவாகிவிடும். 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்யலாம், ஆனால் அந்தப் பில் நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது.

மாறும் நாளையும் யோசித்து வையுங்கள். மாதாந்திரக் கெடு தேதிகள் இவை: 7 டிடிஎஸ் (பிடித்த வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 21-க்கும் 25-க்கும் இடையில்தான் மூச்சு விட இடம் உண்டு. மார்ச், ஏப்ரல் வேண்டவே வேண்டாம்.

முந்தைய நாள் மாலை ட்ரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, பார்ட்டி பாக்கிகள் மூன்றையும் பிடிஎஃப் எடுத்துவிட்டு, டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் தனியாக வையுங்கள். பிரைம் 3.0-க்கோ அதற்கு மேலோ போனால் டேட்டா மைக்ரேட் ஆகும். ஆனபின் பழைய வெர்ஷனில் அது திறக்காது. நான்கு சிஸ்டம் ஓடும் இடத்தில் மூன்றை மட்டும் மாற்றினால் நான்காவதில் இருப்பவர் அன்று கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் சாஃப்ட்வேர்தான் வைத்திருக்க வேண்டும். பழைய தேதிப் பில்லைத் திறந்து சத்தமில்லாமல் தொகையை மாற்றும் வழக்கம் இருந்தால், யார் எப்போது மாற்றினார் என்பது எடிட் லாகில் நிற்கும். ஆடிட்டர் கேட்கும்போது தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிந்துகொள்வது ஊழியருக்கு நல்லது.

முதல் இரண்டு வாரம், கடை அடைக்குமுன் டே புக்கில் (அன்றைய பதிவுப் பட்டியலில்) டெபிட் நோட்டையும் சேல்ஸ் ஆர்டரையும் தனித்தனியாக வடிகட்டி ஒருவர் பார்க்கட்டும். கீ மாறிப் போட்டவை அங்கேதான் சிக்கும். அன்றே சரிசெய்தால் ஜிஎஸ்டிஆர்-1 வரை போகாது.