75 ரீப்பர் கட்டைகளில் 75 ஆண்டு வெப்பம்

ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகளைப் பார்த்த நாளிலிருந்தே அதைக் கையால் செய்துவிட வேண்டும் என்று ஆசை. ஆண்டுக்கு ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அவ்வளவுதான், எண்ணும் எழுத்தும் கிடையாது.

நான் 1950 முதல் 2024 வரை எடுத்துக்கொண்டேன். இரண்டு அங்குல ரீப்பர் கட்டை 75, சேர்த்து வைத்தால் 12½ அடி. உலகச் சராசரி வெப்பநிலைக்கு நாசாவின் அட்டவணை.

முதல் தடவை நிறம் பிரித்ததில் தவறிவிட்டேன். நாசா 1951–1980 சராசரியோடு ஒப்பிடுகிறது. அதையே நீலத்துக்கும் சிவப்புக்கும் எல்லையாக்கினால், 1977இலிருந்து ஒரு நீலக் கட்டைகூட வராது. உண்மைதான், ஆனால் சுவரில் பாதிக்கு மேல் சிவப்பே நின்றதால் ஏற்றம் கண்ணில் படவில்லை. ஹாக்கின்ஸ் வைத்ததுபோல 1971–2000 சராசரியை நடுவாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எல்லாவற்றுக்கும் மறுபடி பெயின்ட் அடித்தேன். சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஜா நிறமாகிவிடுகிறது. துளி மஞ்சள் சேர்த்த பிறகே சூட்டின் நிறம் வந்தது.

நூலக நடைவழியில் மாட்டினோம். முதல் வாரம் யாரும் நிற்கவில்லை. அழகான வண்ணச்சுவர் என்று கடந்துபோனார்கள். ஹாக்கின்ஸின் விதியை மீறி ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஆண்டை எழுதினேன். மறுநாளே ஆட்கள் குனியத் தொடங்கினார்கள். எல்லோரும் தேடியது பிறந்த ஆண்டைத்தான். தாத்தா ஒருவர் 1956இல் விரல் வைத்தார், பேத்தி 2016இல். இரண்டு விரல்களுக்கும் நடுவே இருந்ததைப் பற்றி அவர்களே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, 1992 ஏன் வெளுத்திருக்கிறது என்பது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் மேல்வளிமண்டலத்தில் பரவி வெயிலைத் தடுத்தன. ஓரிரு ஆண்டு பூமி சற்றுக் குளிர்ந்தது. துகள்கள் படிந்ததும் சிவப்பு திரும்பிவிட்டது. கரியமில வாயு அப்படிச் சீக்கிரம் படிந்து போவதில்லை என்று சொல்ல இதைவிட நல்ல கட்டை எனக்குக் கிடைக்கவில்லை.

“இது உலகக் கணக்கு, நம்ம இடத்துக் கணக்கு எங்கே?” என்று ஒரு மாணவி கேட்டாள். இப்போது கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வெளியே ஒரு உச்ச–தாழ் வெப்பமானி. முதலில் மேற்குச் சுவரில் மாட்டி, மாலை வெயில் பட்டு அளவு எகிறியது. நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மாற்றினோம். காலநிலை என்று பேச 30 ஆண்டுக் கணக்கு வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். இதுவரை 41 நாள், ஆறு பேர் கையெழுத்து. மூன்று நாள் விடுபட்டிருக்கிறது. விடுமுறை நாளில் யார் பார்ப்பது என்று இந்த வாரம் முறை போடுகிறோம்.