மார்கழியில் போடிமெட்டு ஏறுவது

கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு வருஷத்தில் ஆடியும் மார்கழியும்தான் கை ஓயும் மாதங்கள். மதுரையில் முகூர்த்தம் இல்லாத அந்த நாட்களுக்குள்தான் என் மலைப் பயணமெல்லாம். இந்த மார்கழிக்கு மச்சானும் நானும் தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு போகிறோம். சுமார் 160 கிலோமீட்டர், ஒரே சாலை.

கொடைக்கானலையும் மேகமலையையும் சேர்த்துக்கலாமே என்றான் மச்சான். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். மலையில் நல்ல வெளிச்சம் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் கேமரா எதற்கு?

போடிமெட்டுச் சாலை ஏறுவது மலையின் கிழக்குச் சரிவில். 17 கொண்டை ஊசி வளைவுகள். சூரியன் எழுந்ததும் வெளிச்சம் நேராகப் பாறையில் விழும். கீழே போடிப் பக்கத்து வயலும் தோப்பும் மூட்டத்துக்குள் கிடக்கும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவ்வளவுதான், மதியத்துக்கு மேல் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சாய, சரிவு நிழலுக்குள் போய்விடும். அதனால் அதிகாலை மூன்றரைக்கு மதுரையில் கிளம்பி, ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் முந்தலில் இருக்க வேண்டும். போடி தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவோம். ஏசியில் குளிர்ந்த லென்ஸ் ஈரக்காற்றில் வியர்த்துவிடும். சித்திரையில் ஏசி மண்டபத்திலிருந்து வெளியே ஓடிவரும் போட்டோகிராபர் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆடி என்றால் கணக்கே வேறு. தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டும், தேனிப் பக்கம் மழை மறைவு. மேகம் முகட்டைத் தாண்டி வழிந்து, போடிப் பக்கம் இறங்க இறங்கக் கரைந்துபோகும். அந்த மாதம் நான் மெட்டோடு நின்றுவிடுவேன். மண் சரியும் காலத்தில் அதற்கு மேல் போக மனம் வராது.

பூப்பாறை தாண்டி ஆனையிறங்கல் அணைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுமுன் கடந்துவிட வேண்டும். கண்ணில் பட்டாலும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது.

அப்புறம் வரையாடு. இரவிகுளம் தேசியப் பூங்காவை, ஆடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். அதனால் மார்கழியை விடக் கூடாது. பூங்காவுக்குள் ஆடு பார்க்கும் இடமான ராஜமலைக்குச் சொந்த வண்டியை விடமாட்டார்கள், வனத்துறை பஸ்தான். காலை முதல் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். 600 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா என்று மச்சான் கேட்கிறான். தேவையே இல்லை. அங்கே ஆடுகள் பாதையோரம் வரை மேய வரும், என் 70-200 எம்எம் லென்ஸே போதும். கவனிக்க வேண்டியது எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. வளர்ந்த கிடா கரும்பழுப்பு, முதுகில் மட்டும் வெள்ளி பூத்த திட்டு. பின்னால் வெள்ளை மூட்டம் நின்றால் கேமரா ஏமாந்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். வெள்ளை வேட்டி சட்டை மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி வைக்க வேண்டும்.

அறை இன்னும் போடவில்லை. மூணாறு ஊருக்குள் வேண்டாம், ராஜமலை போகும் மறையூர் சாலையிலேயே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.