கர்னலுக்கு பேட்ச் அனுப்பும் முன்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டால் அது ரிவ்யூவுக்கே போகாது. எல்லாம் மின்னஞ்சல் வழிதான். அதைக்கூட சீக்கிரம் பழகிவிடலாம். புதியவர்களின் பேட்ச் (செய்த திருத்தத்தை மட்டும் கொண்ட கோப்பு) திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் வேறு: திருத்தும் இடத்தைச் சுற்றியுள்ள கோடை, அதாவது நிரலை, படிக்காமல் திருத்துவது.

அடிக்கடி பார்ப்பது இது. ஒரு ட்ரைவரில் (வன்பொருளை இயக்கும் நிரல்) மெமரி லீக், அதாவது ஒதுக்கிய மெமரி விடுவிக்கப்படாமல் தங்குகிறது என்று, கோடை ஓட்டாமலே ஆராயும் ஸ்டாடிக் அனலைசர் காட்டும். மெமரி ஒதுக்கியிருக்கிறார்கள், எரர் வரும் வழியில் அதை விடுவிக்கும் கேஃப்ரீ (kfree) இல்லை. ஒரு வரி சேர்த்தால் முடிந்தது என்று தோன்றும். ஒதுக்கியது வெறும் கேஇசட்அலாக்கா (kzalloc), டெவ்எம் முன்னொட்டு போட்டதா (devm_kzalloc) என்று முதலில் பாருங்கள். டெவ்எம் என்றால், ட்ரைவர் சாதனத்தைத் தொடங்கிவைக்கும் கட்டமான ப்ரோப் தோற்றாலும் ட்ரைவர் கழன்றாலும் கர்னலே அந்த மெமரியை விடுவித்துவிடும். நீங்கள் சேர்க்கும் கேஃப்ரீயால் அது இரண்டு முறை விடுவிக்கப்படும். இல்லாத லீக்கை அடைக்கப் போய் நிஜமான பிழை உள்ளே வந்துவிடும்.

ஹார்டுவேர் கையில் இல்லையா? கம்பைல் மட்டும் செய்து பார்த்ததாக எழுதிவிடுங்கள். அதனால் மதிப்பு குறையாது. எதை இன்னும் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம் மட்டும். போகிற போக்கில் ஸ்பேஸ் சரிசெய்ததை அதில் கலக்காதீர்கள்.

கமிட் செய்திக்கு (கிட் மென்பொருளில் மாற்றத்தோடு பதிவாகும் விளக்கம்) நேரம் ஒதுக்குங்கள். தலைப்பில் சப்சிஸ்டம் (கர்னலின் உட்பிரிவு) பெயர், கோலன், பிறகு செய்த வேலை. கீழே உள்ள வரிகளை 75 எழுத்துக்குள் மடக்குங்கள். என்ன மாறியது என்பதை, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் சொல்லிவிடும். எந்தச் சூழலில் பிழை வருகிறது, வந்தால் பயனருக்கு என்ன ஆகும், ஏன் இந்தத் தீர்வு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘ஃபிக்ஸஸ்’ வரியில், பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளக் குறியீடான ஹாஷில் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் வரும். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது என்று கிட் ப்ளேம் காட்டும் கமிட்டை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது வெறுமனே இன்டென்ட் மாற்றியதாக இருக்கலாம். பிழைத் திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் வெளியீடுகளில் எவற்றுக்கு இந்தத் திருத்தம் தேவை என்று பார்ப்பவர்கள் இந்த வரியைத்தான் நம்புகிறார்கள்.

கமிட் செய்யும்போது ‘-எஸ்’ (-s) கொடுத்தால் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி சேரும். 2004 முதல் இருக்கும் நடைமுறை இது. இந்தக் கோடை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்று அந்த வரியில் உறுதி தருகிறீர்கள். அலுவலக நேரத்தில் எழுதிய கோடு என்றால் நிறுவனத்தின் அனுமதி வாங்காமல் அதைப் போடக்கூடாது.

கிட் ஃபார்மட்-பேட்ச் கட்டளையால் கமிட்டைக் கோப்பாக எடுத்து, அதன் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டி, யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டைக் கேளுங்கள். அனுப்ப கிட் சென்ட்-இமெயில். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகி, நீண்ட வரிகள் உடைந்து, பேட்ச் பொருந்தாமல் போகும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலை, அதிலுள்ள பேட்ச்சைக் கோடில் சேர்க்கும் கிட் ஏஎம் வழியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ரிவ்யூ வந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே குறிப்பிடுங்கள். கமிட் வரலாற்றில் அது சேராது. பதிலே வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள். அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேர்க்கப்படும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரமும் மெயின்டெய்னர்களுக்குத் தலைக்கு மேல் வேலை; அப்போது இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.