நீர் எழும்பும்

எங்களுக்குச் சட்டக் கோட்பாடு படிப்பித்த சேர் காலமான செய்தி வந்ததும் அஞ்சலியை நான்தான் எழுதவேண்டும் என்று எல்லாரும் என்னைக் காட்டிவிட்டார்களாம். காரணம் தெரிந்ததுதான், அந்தப் பேனா விவகாரம்.

சட்டம் என்பது இறைமையாளரின் கட்டளை, மீறினால் தண்டனை என்று ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜோன் ஒஸ்ரின் 1832இல் எழுதியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "நீர் எழும்பும்" என்றார் சேர். எழும்பி ஒப்புவித்தேன். "உம்முடைய பேனாவைத் தாரும். தராவிட்டால் இண்டைக்கு வரவு இல்லை." கொடுத்தேன். புதுப்பேனா, தங்கநிற மூடி. "கட்டளையிட்டேன், வெருட்டினேன், பணிந்தீர். அப்ப இது சட்டமோ? தரவேண்டிய கடமை உமக்கு இருந்ததோ?" வகுப்பே சிரித்தது. அதே பேனாவால் இடாப்பில் என் வரவைப் போட்டுவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

ஒஸ்ரினை மறுத்த ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹார்ட்டின் 1961 நூலில் பணம் கேட்டு வெருட்டும் துப்பாக்கிக்காரன்தான் அன்று சேரின் உருவில் வந்தவன். அவனுக்குப் பணம் கொடுக்க நிர்ப்பந்தம் உண்டு, கடமை இல்லை. வரி அதிகாரிக்கோ அதிகாரம் தரும் விதி உண்டு. அந்த விதியைச் சட்டமென்று இனங்காட்ட இன்னொரு விதியும் உண்டு. உயில் பற்றிய சட்டம் யாரையும் வெருட்டுவதில்லை. சாட்சியில்லாத உயில் செல்லாது, அவ்வளவுதான். அதற்காக ஒருவரும் மறியலுக்குப் போவதில்லை. மேடையில் எவராவது "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று முழங்கினால் "எந்தக் கடமை? ஆருக்கு?" என்று இன்றும் சேர் காதுக்குள் கேட்கிறார். நிம்மதியாக ஒரு அரசியல் பேச்சைக் கேட்க விடாத மனுசன்.

நாசிகளின் சட்டங்கள் சட்டந்தானா என்று 1958இல் ஹார்ட்டும் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லரும் மோதியதைச் சொல்லும்போது மட்டும் அவர் பகிடி விடுவதில்லை. கொடிய சட்டமும் சட்டமே, ஆனால் பணியக்கூடாத அளவு கொடியது என்ற ஹார்ட்டின் பக்கம்தான் அவர்.

சிவப்பு விளக்கைக் கண்டால் வாகனங்கள் நிற்கும் என்று கணிப்பவன் விதிக்கு வெளியே நிற்பவன். நிற்கவேண்டும் என்று எண்ணுபவன் உள்ளே இருப்பவன். இதுவும் ஹார்ட்தான். நாட்டை விட்டு இங்கு வந்த புதிதில் அபராதத்துக்குப் பயந்தே நின்றேன். இப்போது நடுச்சாமத்தில் வெறும் தெருவிலும் நிற்கிறேன். நிற்காதவனைக் கண்டால் கோபம் வேறு வருகிறது. விட்டுவந்த நாட்டில் தேர்தல் என்றால் யார் வெல்வார் என்று நன்றாகவே கணிக்கிறேன். "நாங்கள் என்ன செய்யவேணும்" என்று தொடங்கினால் அந்த "நாங்கள்" தொண்டையில் சிக்குகிறது. இந்த நிலையின் இலக்கணத்தைச் சேர் எனக்கு முன்கூட்டியே கற்பித்திருந்தார். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சிலவேளை தோன்றும்.

அவர் எங்கும் போகவில்லை. கடைசிவரை அந்நாட்டுச் சட்டங்களைத் திட்டித் திட்டி உள்ளேயே இருந்தார்.