கறுப்பு ஸ்விஃப்டும் நாற்பது மைக்ரானும்

2025 ஜனவரி 4, சனி

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போனது. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளிச்சம் காரின் பானெட்டில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். டார்ச்சின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய வளையங்கள், ஒட்டடை பின்னியது மாதிரி. டார்ச்சை நகர்த்தினால் வளையங்களும் கூடவே வருகின்றன.

அப்பா 2012-இல் ரிட்டயர் ஆன கையோடு வாங்கிய கறுப்பு ஸ்விஃப்ட் இது. தினமும் காலையில் காபி குடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார். எங்கள் தெருவில் இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கும் கார் வேறு கிடையாது. அந்தத் துணிதான் இதைச் செய்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தூத்துக்குடிக் காற்று கொண்டுவந்து போடும் மண்ணும் உப்பும், அதன்மேல் உலர்ந்த துணி. 12 வருடம்.

அவரிடம் சொல்லவில்லை. பாலிஷ் போடலாமா என்று மட்டும் கேட்டேன். “போடலாமே, பொங்கலுக்கு ஜோரா இருக்கும்” என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

பழைய கார் வாங்கி விற்கும் நண்பனிடமிருந்து பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வாங்கி வந்தேன். கையடக்கமான சாமான். இரும்புத் தகட்டின்மேல் வைத்தால் பெயின்ட் எத்தனை மைக்ரான் என்று காட்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இது பேசாது.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். கருவியைப் பார்த்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்துவிட்டார். ஓர் இடத்துக்கு ஐந்து தடவை அளந்து சராசரி எடுக்கவேண்டும் என்பது அவர் போட்ட விதி. பானெட் 111, கூரை 106, வலது முன்கதவு 114. இடது பின்கதவில் வைத்தால் 268! அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அது ஆட்டோக்காரன் உரசிட்டுப் போனது. பட்டறைல குடுத்துத் திரும்ப அடிச்சது.” ஒன்பது வருடத்துக்கு முந்தைய விஷயம், அம்மாவுக்கே மறந்துபோயிருந்தது. கருவி மறக்கவில்லை.

கம்பெனி பெயின்ட் மொத்தமே 100-லிருந்து 140 மைக்ரானுக்குள்தான் இருக்கும். அடியில் துருவைத் தடுக்க மின்சாரத்தில் முக்கி ஏற்றிய பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாம் பாலிஷ் போடுவதெல்லாம் இந்தக் கிளியர் கோட்டில்தான். அது சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. அதை அதிகம் தேய்த்துவிட்டால் சில வருடத்தில் பெயின்ட் வெளுத்துத் தோல்போல உரியத் தொடங்கும். கருவி மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. அதனால் தாராளமாகத் தேய்க்கத் துணிச்சல் வரக்கூடாது.

ராத்திரி அப்பாவே டார்ச் அடித்துப் பார்த்தார். “எல்லாம் வட்ட வட்டமா இருக்கேலே?”

“வட்டம் இல்லப்பா. நேர்க்கீறல்தான், எல்லாத் திசையிலயும் கெடக்கு. வெளிச்சத்துக்குக் குறுக்க இருக்கிறது மட்டும் மின்னுது.”

ஒரு நிமிஷம் பேசவில்லை. “அப்போ வெளக்க மையமா வச்சு வட்டம் போட்டா, அதுக்குத் தொடுகோடா இருக்கிற கீறல் மட்டும் கண்ணுல படுது. அதானலே?” என்றார். அதேதான். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜனவரி 11, சனி

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். முழுக்க நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போதுதான் எந்த வேலையும்.

முதலில் தண்ணீர்ப் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அம்மா ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து, வீணாக்க மனமில்லாமல் அப்பாவிடம் கார் கழுவக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரில்தான் உப்பு இன்னும் கூடுதல். காய்ந்ததும் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வெள்ளைப் பொட்டாகத் தங்கும், வெயில் பட்டால் கிளியர் கோட்டிலேயே பதிந்துவிடும். கண்ணாடி ஓரமெல்லாம் அந்தப் பொட்டுதான். வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் போர்த்திவைத்து அலசினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. இனிமேல் கழிவுத் தண்ணீர் வாசல் தெளிக்க மட்டும். காருக்குக் கடைசி அலசல் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில்.

அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் பைப்பில் தண்ணீர் அடித்து, தானாக விழும் மண்ணையெல்லாம் விழவைக்க வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேராக, அழுத்தாமல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு. துணி சோப்புத்தூள் வேண்டாம். அது மேலே இருக்கும் வேக்ஸையும் கழற்றிவிடும்.

முடித்ததும் அப்பா அலசல் வாளியைச் சாய்த்து ஊற்றப் போனார். அடியில் ஒரு கைப்பிடி மணல். தண்ணீர் போனபின் வாளியின் அடியை விரலால் தடவினார். சரசரவென்றது.

“இதத்தான் நான் தெனமும் காஞ்ச துணியில தேய்ச்சிட்டு இருந்தேனாலே?”

நான் என்ன சொல்வது? “நீங்க தொடைக்காம விட்டிருந்தா உப்புக் காத்துல கதவடி எல்லாம் எப்பவோ துருப்பிடிச்சிருக்கும்பா” என்றேன். பொய் இல்லை. இந்த ஊரில் 12 வருடக் கார் ஒன்றில் ஒரு துருப்பொட்டுகூட இல்லை என்பது சின்ன விஷயமா? அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

கழுவிய காரில் விரல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போட்டுத் தடவினால் உண்மை தெரியும். கைக்கு வழவழப்பாக இருந்த இடமெல்லாம் பையோடு தடவும்போது சொரசொரத்தது. பிரேக்கிலிருந்தும் பக்கத்து ரயில் பாதையிலிருந்தும் பறக்கும் இரும்புத்துகள் பெயின்டில் குத்தி நின்று துருவேறும். இரும்பு நீக்கும் மருந்தை அடித்ததும் சில நிமிஷத்தில் ஊதா நிறத்தில் வழிந்தது. நாற்றம் சகிக்காது, மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். காய விடாமல் அலசிவிட வேண்டும்.

மிச்சத்துக்குக் கிளே பார், பெயின்டில் ஒட்டியிருக்கும் துகளைப் பிடித்திழுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து வழுக்கவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும். ஒரு கதவு முடிந்ததும் கட்டியைப் பிசைந்து புதுப்பக்கம் திருப்பவேண்டும். பாதியில் கை நழுவிக் கீழே விழுந்தது. 600 ரூபாய்க் கட்டியில் பாதியைத் தூக்கிப் போட்டேன். தரை மண் ஒட்டிய கிளேயைக் கழுவிப் பயன்படுத்த முடியாது.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடிகாலை தெரு முழுக்கப் புகையும் கரியும். கார்மேல் சாம்பல் தூவியிருந்தது. அப்பா துணியோடு வந்தவர், பாதி வழியில் நின்று, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஹோஸ் பைப்பில் நானே அடித்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

இன்றுதான் மெஷின். டிஏ பாலிஷர் என்பார்கள். முனையில் மாட்டும் பஞ்சு மாதிரி வட்டப் பேட் சுழலும், கூடவே தள்ளாடியும் ஓடும். அதனால் ஒரே இடத்தில் சூடேறாது. பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி தள்ளாடாமல் சுழல மட்டும் செய்யும், கிளியர் கோட்டை வேகமாகத்தான் வெட்டும், ஆனால் விளிம்பில் ஒரு கணம் தவறினால் பெயின்ட் போய் பிரைமர் தெரியும். வீட்டில் முதல்முறை செய்கிறவர் ரோட்டரியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

விளிம்புகள், பிளாஸ்டிக் பட்டிகள், ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிதாகத்தான் நிற்கும்.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் கட்டம். முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ். பட்டாணி அளவில் நான்கு சொட்டு. வேகம் குறைத்துப் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, குறுக்கிலும் நெடுக்கிலுமாக, பாதிப்பாதி மேலேறும்படி. கை நகர்வது வினாடிக்கு ஓர் அங்குலம். அவசரப்பட்டால் மருந்து வேலையே செய்யாது.

துடைத்தபோது அற்புதமாக இருந்தது. அப்பாகூட “ஆஹா” என்றார். ஆனால் பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் புகுந்து மறைத்துக் காட்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தேன், மறுபடி டார்ச். பாதி வளையங்கள் திரும்பி வந்துவிட்டன. கடையில் செய்து கொடுத்த பளபளப்பு நாலு கழுவலில் காணாமல் போவதற்குக் காரணம் இந்த எண்ணெய்தான். ஆல்கஹால் வைத்துத் துடைக்காமல் யார் காட்டினாலும் நம்பக்கூடாது.

அடுத்த கட்டத்தில் அதே மென்மையான பாலிஷ், கொஞ்சம் கடினமான பேட். ஆல்கஹாலுக்குப் பிறகும் பத்தில் எட்டுக் கீறல் போயிருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பாலிஷைவிட அதிகமாக வெட்டும் காம்பவுண்ட் பாட்டிலைத் திறக்கவே இல்லை. எவ்வளவு குறைவாக வெட்டி வேலை முடியுமோ அவ்வளவுதான்.

அப்பா கருவியோடு வந்தார். ஐந்து அளவு, சராசரி: 110. “ஒண்ணு போச்சு” என்று நோட்டில் எழுதினார். இந்தக் கருவியே ஒன்றிரண்டு மைக்ரான் முன்பின் காட்டும் என்றேன். “அதுக்குத்தானலே அஞ்சு தடவ” என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒன்பது மணி நேரம். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பேட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால் உதிர்ந்த பெயின்ட்டும் காய்ந்த மருந்தும் சேர்ந்து புதுக்கீறல் போடும்.

மறுபடி பெயின்ட் அடித்த அந்த இடது பின்கதவுதான் படுத்தியது. மற்ற கதவுகளில் சரியாக வந்த அதே பேட் இங்கே புகைமூட்டம் போட்டது. பட்டறைப் பெயின்ட் மென்மை. கடைசியில் மிக மெத்தென்ற பேட், அழுத்தமே இல்லாமல், மெஷினின் எடையை மட்டும் தாங்கவிட்டு முடித்தேன்.

கூரையில் காக்கை எச்சம் தின்ற தழும்பு ஒன்று. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் இளகி, மாலையில் அதைச் சுற்றியே இறுகிவிடும். நகத்தை ஓட்டினால் தட்டியது. நகம் தட்டும் பள்ளம் பாலிஷில் போகாது, போகவைக்க வேண்டுமானால் சுற்றியுள்ளதை எல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்கவேண்டும். அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பாலிஷ் போட்ட பெயின்ட்டுக்குப் பாதுகாப்பாக மேலே என்ன பூசுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கார்னாபா வேக்ஸ் வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனைமர ஓலையிலிருந்து எடுப்பது. கறுப்பில் அது தரும் ஆழம் தனி அழகு. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட்டில் அது சில வாரம்தான் தங்கும். செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும். பூசும்போது துடைக்க நேரம் தவறினால் திட்டு இறுகி நிற்கும், மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில், கறுப்பு நிறத்தில், முதல்முறையாக நான் அதைச் செய்யத் தயாரில்லை. 9எச் கடினம் என்று அட்டையில் போடுவது பென்சில் முனையை வைத்து அளக்கும் அளவு. மணல் கீறினால் அதுவும் கீறும்.

சரி, பாலிமர் சீலன்ட், வேக்ஸ் மாதிரியே பூசும் செயற்கைப் பூச்சு. சில மாதம் தாங்கும், தேய்ந்தால் அப்பாவே மறுபடி பூசலாம். ஆல்கஹால் துடைப்பு முடித்து, பேட்டில் சொட்டு வைத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கனத்தில் பூசினேன். கனமாகப் பூசினால் துடைத்தெடுக்கும் சிரமம்தான் மிச்சம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் படவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அப்பா இன்று தானாகவே இரண்டு வாளி எடுத்து வைத்தார். துடைக்கும் துண்டைத் தேய்க்காமல் விரித்துப் போட்டு, இரு முனையைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று மட்டும் காட்டினேன். மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவைக்கவேண்டும், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் சேர்க்கக்கூடாது, இழை வழவழத்துத் தண்ணீரை உறிஞ்சாது. அம்மா அதற்கு ஒரு தனி வாளி ஒதுக்கிவிட்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அம்மா சந்தனம் குங்குமத்தோடு வந்தாள். வழக்கமாகப் பானெட் நடுவில் மூன்று பொட்டு. காய்ந்தபின் அதை யாராவது வறட்டுத் துணியால் சுரண்டுவோம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “கண்ணாடியில வையி, அதுவும் காரோட நெத்திதானே” என்றார். அம்மா முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைத்தாள். அங்கே இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

விடிகாலையில் எழுந்தபோது வாசலில் அப்பா. டிக்கிமேல் காக்கை எச்சம். தண்ணீரில் நனைத்த டிஷ்யூவை அதன்மேல் போர்த்திவிட்டு, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் காபி. பேப்பர் இன்னும் பிரிக்கவில்லை.

“ஊறட்டும். அஞ்சு நிமிஷம் ஆகணும்” என்றார்.

நோட்டு திண்ணையில் திறந்து கிடந்தது. பானெட் 110, கூரை 105, கதவு 113, பின்கதவு 266. அதன்கீழே தேதி போட்டு அவருடைய வாத்தியார் கையெழுத்தில் ஒரு வரி: ‘அடுத்த பாலிஷ்: அவசியப்பட்டால் மட்டும்.’

டிஷ்யூவை மெதுவாகத் தூக்கினார். எச்சம் அதோடு வந்துவிட்டது.